மீசைக்காரனுக்கு நல்ல தண்ணீர்

என்னை விட்டுப் போயும் என்னைச் சுமக்கிற மனுவல் மச்சானுக்கு,

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். சிரி. சிரித்துவிட்டுக் கடைசிவரைக்கும் கேள். உன் கல்லறைக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டுப் போகிற எண்ணத்தில் இதை எழுதவில்லை. எழுத்துப் பிழை பார்க்கக் கோயில் மூப்பரிடம் கொடுப்பேன். அவர் வாசித்த பிறகு என் முகத்தில் விழிப்பாரோ தெரியாது. பிறகு நம் பள்ளிமுனை மீனவர் சங்கக் கட்டடத்துப் பலகையில், படகு விற்பனைக்கு என்று துண்டு ஒட்டுகிற அதே இடத்தில், இதை ஒட்டப்போகிறேன். ஊர் வாசிக்க வேண்டும். பிலோமினாவின் கட்டளை அது.

பலகையைப் பார்க்கிற வெளியாட்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். பிலோமினா என் ஒரே தங்கச்சி. நீ அவளைக் கட்டியவன். நாம் இரண்டு பேரும் ஒரே படகில், கடலடியில் கிடக்கிற கடலட்டை பொறுக்கப் போனோம். நீ முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்குவாய், நான் மேலே நின்று கயிறு பிடிப்பேன். எங்கள் அப்பா சங்கு குளிக்கப் போய்த் திரும்பி வராதவர். அதனால் கலியாணம் பேசின அன்றே பிலோமினா உன்னிடம் சத்தியம் வாங்கினாள். ஒரு நாளைக்கு இரண்டு தரம்தான் இறங்க வேண்டும், மூன்றாவது தரம் கூடவே கூடாது. மாதா படத்தில் கை வைத்துச் சொன்னாய். நானும் பக்கத்தில் நின்றேன்.

ஊருக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் மனுவல் ஆசைப்பட்டு மூன்றாவது தரம் இறங்கினான். மாதாவில் செய்த சத்தியத்தை மீறினான். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனது. போன ஓகஸ்டில் முதுகுப் புண் நஞ்சாகிச் செத்துப்போனான். இந்தக் கதைக்குள் ஒரு பொய் கிடக்கிறது. அது உன்னுடையது இல்லை, என்னுடையது. அதைச் சொல்லத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் உன் மீன்களின் சங்கதியைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வராது.

அந்தக் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்தவன் நான். கொழும்பு ஆஸ்பத்திரியில் இருந்து உன்னைச் சக்கரக் கதிரையில் வைத்துத் திருப்பி அனுப்பின மாதம் அது. நீ ஒருவரோடும் கதைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அதைக் காணச் சகிக்கவில்லை. வவுனியாவில் ஒரு கடையில் தொட்டியும் ஆறு பொன்மீனும் வாங்கினேன். கண்ணாடியில் பிடிக்கிற பாசியைத் தின்னும் என்று சொல்லி, கடைக்காரர் இரண்டு கறுத்தக் குஞ்சுகளைச் சும்மா போட்டுத் தந்தார். நம் தண்ணீரில் பொன்மீன் ஆறும் ஒரு கிழமை, ஏழு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. மிஞ்சினது அந்த இரண்டும்தான்.

"கண்டறியாத மீன். பல்லிக்கும் தவளைக்கும் பிறந்தது மாதிரி," என்றேன். ஆஸ்பத்திரிக்குப் பிறகு நீ முதல் தரமாகச் சிரித்தது அதற்குத்தான்.

வளர வளர ஒன்றின் மூக்கிலும் நெற்றியிலும் கொப்புக் கொப்பாக மீசை முளைத்தது. போனில் தேடி 'பிரிஸில்நோஸ் பிளெக்கோ' என்று பெயரைக் கண்டுபிடித்தாய். அது நம் வாயில் நிற்கிற பெயரா? மீசைக்காரன் என்று வைத்தாய். மற்றதற்கு மீசை இல்லை. அது பெட்டை. அன்றைக்கு நீ எனக்கு விளக்கம் தந்தது இன்னும் காதில் கிடக்கிறது.

"பெட்டை முட்டையைப் போட்டிட்டுத் தன்ர பாட்டுக்குப் போயிடுமாம். இவன்தான் பொந்துக்குள்ள இருந்து முட்டைக்குச் செட்டையால தண்ணி விசுக்கிக்கொண்டே கிடப்பானாம். பத்து நாளைக்கு வெளிய வரமாட்டான், சாப்பிடமாட்டான். பாத்தியே மச்சான், மீசை வைச்சவன்ர நிலைமையை!"

அவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்க நீ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் அலைந்தவன் நான். மீசைக்காரனின் உடம்பு மட்டுமட்டாக நுழைகிற அகலத்தில் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வேண்டும், ஒரு பக்கத்து வாயைத் தட்டைக் கல்லால் அடைக்க வேண்டும். அவற்றுக்குச் சுரண்டித் தின்னக் கட்டை வேண்டும் என்றாய், கீரிக் கரையில் ஒதுங்கின கட்டையைத் தூக்கி வந்தேன். உப்புப் போக மூன்று தரம் அவிக்க வேண்டும் என்றாய். பிலோமினாவின் பெரிய பானை நாசமானதுதான் மிச்சம். வளவுக் கிணறு சவர், உப்புக் கரிக்கும்; குழாய்த் தண்ணீரில் மருந்து. ஆகவே பாலம் தாண்டிப் போய் ஒரு தோட்டக் கிணற்றில் நல்ல தண்ணீர் அள்ளி, பிளாஸ்டிக் கானில் நிரப்பி, ஒவ்வொரு சனிக்கிழமையும் என் ஓட்டோவில் கொண்டுவந்தேன். உன் விபத்துக்குப் பிறகு நானும் கடலை விட்டுவிட்டேன் என்பது ஊருக்குத் தெரியும். அதை ஊர் பாசம் என்று சொன்னது.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஐப்பசியில் முதல் மழை பெய்தபோது, அந்தக் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னாய். மூன்றாம் நாள் போன் வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்துக் காட்டினாய். செம்மஞ்சளாக ஒரு கொத்து, கொய்யா விதைக் கொத்தைப்போல. அதன் மேல் மீசைக்காரன் கவிழ்ந்து கிடந்து வாலை ஆட்டினான். கரண்ட் போய்க் காற்று மோட்டர் நின்ற நாட்களில் கோப்பையால் தண்ணீரை அள்ளி உயர இருந்து ஊற்றிக்கொண்டே இருப்பாய். உன் தோள் மூட்டு வீங்கிப் போகும். எட்டுப் பத்து நாளில் கண்ணாடி முழுக்க நகத்துண்டு அளவில் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டு நின்றன. "மனுவலுக்குப் பிள்ளை பிறந்திட்டுதாம்" என்று ஊர் பகிடி பண்ணியது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பகிடி எப்படி விழும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நீயும் சேர்ந்து சிரித்தாய். பிலோமினா சிரிக்கவில்லை.

பிலோமினா அந்தத் தொட்டிப் பக்கமே திரும்பமாட்டாள். உன்னைக் குளிப்பாட்டினாள், புண்ணுக்கு மருந்து கட்டினாள், நண்டுக் கொம்பனிக்கு வேலைக்குப் போய்வந்து சமைத்தாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மத்தியானம் சோறு போடும்போது நீ இன்னும் கொஞ்சம் கேட்டால் அவள் வாயில் ஒரே வார்த்தை.

"ரெண்டு தரம் காணாதோ உங்களுக்கு? மூண்டாந்தரமும் வேணுமோ?"

நீ சோற்றுக் கோப்பையைக் கையால் மூடிவிடுவாய். பிறகு பிறகு இரண்டாவது தரமும் கேட்பதை விட்டுவிட்டாய். நான் உனக்கு முன்னால் இருந்து மீன் குழம்பைப் பிசைந்து தின்றுகொண்டிருப்பேன். எனக்குக் குடும்பம் இல்லை, மத்தியானச் சோறு அங்கேதான். எனக்கு மூன்றாம் தரமும் கேட்காமலே போடுவாள். "சாப்பிடுங்கோ அண்ணை, உங்களை விட்டால் எனக்கு ஆர்?" என்பாள். மச்சான், அந்தச் சோறு என் தொண்டையில் எப்படித்தான் இறங்கினது?

இனிப் பொய்யைச் சொல்கிறேன்.

அன்றைக்குக் கடல் நல்ல அமைதி. நீ இரண்டு தரம் இறங்கி ஏறிவிட்டாய். அட்டை நிறைந்த வலைப்பை படகோரத்தில் கயிற்றில் தொங்கியது. அதை ஏற்றுவது என் வேலை. பீடி பற்றவைக்கிற அவசரத்தில் முடிச்சை ஒழுங்காகப் போடவில்லை. கயிறு நழுவி, பை பதினாலு பாக ஆழத்துக்குப் போய்விட்டது. அதற்கு முந்தின கிழமைதான் ஒரு நங்கூரத்தையும் தொலைத்திருந்தேன். இன்னும் ஒரு பொருள் தொலைந்தால் படகில் கால் வைக்காதே என்று சம்மாட்டி, அதுதான் படகுக்காரர், ஆட்களுக்கு முன்னால் என்னைப் பேசியிருந்தார். நான் உன் கையைப் பிடித்தேன்.

"மச்சான், ஒருக்கா இறங்கி எடுத்துத் தாடா. மனுசன் என்னைக் கரையில வைச்சு நாறடிச்சுப் போடும்."

"ரெண்டு முடிஞ்சுதடா. பிலோவுக்குச் சொன்னது உனக்குத் தெரியும்தானே."

"அவளுக்கு நான் சொல்லமாட்டன். செத்தாலும் சொல்லமாட்டன்."

நீ என்னை ஒருதரம் பார்த்தாய். பிறகு சிலிண்டரைக் கட்டினாய். மிச்சம் கிடந்த காற்றுக் கொஞ்சம்தான். கீழே போய்ப் பையைத் தேடி எடுத்துக் கயிற்றில் கட்டிவிட்டாய். அதற்குள் காற்று முடிந்தது. அந்த ஆழத்தில் இருந்து நின்று நின்று மெல்ல ஏற வேண்டியவன், அண்ணாந்து நேரே ஏறி வந்துவிட்டாய். நீ மேலே வந்ததும் நான் முதலில் இழுத்தது பையைத்தான். அதையும் எழுதிவிடுகிறேன்.

கால்மணி நேரம் கழித்து, "மச்சான், கால் மரக்குது" என்றாய். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு கத்தினாய். பக்கத்துப் படகில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், திருப்பி இறக்கு, கடலில் வந்த வலி கடலில்தான் போகும் என்று. அட்டைக்கு இறங்குகிற நம் ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. நானும் நம்பினேன். அவர்களிடம் ஒரு சிலிண்டர் வாங்கிக் கட்டி, என் கையாலேயே உன்னைக் கயிற்றில் திருப்பி இறக்கினேன். அரைமணி நேரம் நீ கீழே கிடந்தாய். கயிற்றை ஆட்டி, வலி குறைவு என்று காட்டினாய். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். ஏற்றினபோது உன் இரண்டு காலும் துணி மாதிரித் தொங்கின. ஆஸ்பத்திரியில் டொக்டர், இவ்வளவு நேரமும் எங்கே நின்றீர்கள் என்று கேட்டார்.

பிலோமினா ஓடிவந்தாள். கட்டிலடியில் நின்று என்னைத்தான் கேட்டாள்.

"எத்தினை தரம் அண்ணை இறங்கினவர்?"

"மூண்டு."

"ஏன்?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வினாடி இருந்தது. ஒரு வினாடி காணும். என் வாய் சொன்னது வேறு.

"அவன்தான்... இன்னும் ஒருக்காப் பாப்பம் எண்டு..."

நீ கண் திறந்துதான் கிடந்தாய். அவள் உன் பக்கம் திரும்பினாள். "உண்மையோ?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்க்கவேயில்லை.

"ஓம் பிலோ. ஆசைதான்," என்றாய்.

அவ்வளவுதான் மச்சான். ஒன்பது வருடத்துக்கு அது போதுமாயிருந்தது.

இரண்டு தரம் அவளிடம் சொல்லப்போகிறேன் என்று வெளிக்கிட்டேன். இரண்டு தரமும் நீ மறித்தாய். ஒருநாள் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்.

"விசர்க்கதை கதைக்காதே. நான் எத்தினை நாளைக்கு? இந்தப் புண் என்னைக் கொண்டுபோயிடும். என்னில கோவிச்சால் ரெண்டு நாள் அழுது போட்டு இருப்பாள். உன்னில கோவிச்சால் பேந்து அவளுக்கு ஆர் இருக்கினம்?"

நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். உன் பெருந்தன்மை என்று ஊருக்குச் சொல்லலாம். எனக்கு அது வசதியாயிருந்தது, அதுதான் உண்மை. இன்றைக்கு உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ என்னை மன்னித்தா அப்படிச் சொன்னாய், அல்லது என்னை விட்டால் அவளுக்கு ஆள் இல்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டா சொன்னாய்? அந்த மூன்றாம் தரம் கீழே போகும்போது என்னைப்பற்றி என்ன நினைத்தாய்?

ஓகஸ்டில் உன்னைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்கு ஏற்றினபோது காய்ச்சலில் உன் உதடு வெடித்திருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்து நீ சொன்னது மனுசரைப் பற்றி இல்லை.

"மீசைக்காரன் நேற்று உள்ள போயிட்டான். முட்டை இருக்குது. பத்து நாளைக்குக் குழாயில கை வைக்காதே. விளங்குதோ? கை வைக்காதே."

ஓம் என்றேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

வீடு முழுக்கச் சனம், செபமாலை, அழுகை. அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் தொட்டியைப் பார்த்தேன். மீன்களுக்கென்று முள்ளுக்கரண்டியில் குத்தித் தாழ்த்தி வைத்த பூசணித் துண்டு அப்படியே ஊறிக் கிடந்தது. மீசைக்காரன் குழாயின் வாயில் வெளிறிப்போய்க் கிடந்தான், வயிறு ஒட்டியிருந்தது. நீயும் கடைசி மூன்று நாள் ஒரு கரண்டி கஞ்சி குடிக்கவில்லை. இவனும் பட்டினியில் சாகப்போகிறான், இவனையாவது வெளியே எடுப்போம் என்று குழாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி உதறினேன். அவன் விழுந்தான். முட்டைக் கொத்தும் பிய்ந்து விழுந்தது.

பொறுக்கித் திருப்பி உள்ளே வைத்துப் பார்த்தேன். இரண்டு நாளில் எல்லா முட்டையும் பஞ்சு பூத்து வெள்ளையாகிவிட்டது. கோதாரி பிடித்த கை இது. உன்னைக் கெஞ்சித் தெண்டித்து இறக்கினதும் இதே கை. மீசைக்காரனை வெளியே எடுக்கச் சொல்லி என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவன் பசியோடு கிடக்கச் சம்மதித்துத்தானே உள்ளே போனவன்?

உன்னிடம் வழக்கமாகக் குஞ்சு வாங்குகிற வவுனியாக் கடைக்காரர் குஞ்சு கேட்டுப் போன் எடுத்தார். "மனுவல் இல்லை, போயிட்டான்" என்றேன். "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிலோமினா வந்தாள், கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். பூசை முடிந்து எல்லாரும் உன்னை அடக்கின சேமக்காலைக்கு நடக்க, அவள் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பினாள். கூப்பிட்டதற்குச் சொன்னாள்:

"அவர் முதல்ல மாதாவிட்டை மன்னிப்புக் கேக்கட்டும் அண்ணை. பேந்து நான் வாறன்."

ஊர்ச் சனம் எல்லாம் நின்று கேட்டது. சேமக்காலையில் எல்லாக் கல்லறைக்கும் ஆள் இருக்கிறது. உன்னுடையதில் மட்டும் புல் முளைத்தது. நான் பிடுங்கினேன், அதற்கும் என்னை நல்லவன் என்றார்கள்.

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் நான் தொட்டித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். பிலோமினா விளக்குமாற்றோடு வந்தவள், ஒன்பது வருடத்தில் முதல் தரமாகக் குனிந்து உள்ளே பார்த்தாள். மீசைக்காரன் வெறுங்குழாய்க்குள் கிடந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"உள்ளுக்க ஒண்டும் இல்லைத்தானே. என்னத்துக்கு விசுக்கிறான்?"

"தெரியாது பிள்ளை."

முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "இவனும் அவரைப்போலதான். ஒருத்தரும் கேக்காமல் தானாய்ப் போய் மாட்டிக்கொண்டு கிடக்கிறான்," என்றாள்.

என் கை முழங்கைவரைக்கும் தண்ணீருக்குள் இருந்தது. அதை வெளியே எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"அவனைக் கேட்டனான் பிலோ. நான்தான் கேட்டனான். மூண்டாந்தரம் இறங்கச் சொல்லிக் கையைப் பிடிச்சுக் கேட்டது நான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பீடி, முடிச்சு, நங்கூரம், சம்மாட்டி, நான் முதலில் இழுத்த பை. அவள் மெல்லப் பின்னுக்குப் போய் உன் சக்கரக் கதிரையில் இருந்தாள். கத்துவாள், விளக்குமாற்றால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் புண்ணியம்.

"ஆஸ்பத்திரியில அவர் ஓம் எண்டது?"

"எனக்காக."

"ஒன்பது வருசம்," என்றாள். அவள் கை கதிரைச் சக்கரத்தைப் பிடித்திருந்தது. "ஒன்பது வருசமும் சோத்தோட சேத்து அந்தச் சொல்லையும்தான் நான் அவருக்குப் போட்டனான். அவர் கோப்பையை மூடினவர். பசியோட மூடினவர். நீ முன்னால இருந்து பாத்துக்கொண்டு திண்டனீ."

பிறந்து வளர்ந்து அவள் என்னை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைப்போல உன் பிரேதத்துக்கு முன்னால்கூட அழவில்லை. என்னால் உனக்குக் கால்தான் போனது என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். என் தங்கச்சியை, ஒரு முடமான மனுசனுக்குச் சோற்றை எண்ணிப் போட்ட பெண்ணாக ஆக்கினதும் நான்தான். அதற்கு நான் எந்தச் சாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது? உன்னிடம் அவள் மன்னிப்புக் கேட்க இனி வழி இல்லையே. அந்த வழியையும் நான்தானே அடைத்தேன்?

எழும்பிக் குசினிக்குப் போனாள். பூசணிக்காயை வெட்டி அவித்து, ஆறவைத்து, கரண்டியில் குத்திக் கொண்டுவந்து தொட்டிக்குள் தாழ்த்தினாள். எப்படிச் செய்வது என்று அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது மச்சான். திரும்பாமலே பார்த்திருக்கிறாள். பிறகு வாசல் படலையைக் காட்டினாள்.

"எனக்குச் சொன்னது காணாது. ஊர்தான் அவரைச் சத்தியம் மீறினவர் எண்டு சொன்னது, ஊருக்குச் சொல்லு. இனி இந்தப் படலைக்குள்ள கால் வைக்காதே. மீனை நான் பாப்பன்."

நீ பயந்தது நடந்துவிட்டது. அவளுக்கு இருந்த ஒரு ஆளையும் அவளே வெளியே விட்டுவிட்டாள். இருபது அடி தள்ளி அவள் தனியே இருக்கிறாள், நான் ஓட்டோவுக்குள் இருந்து கடைப் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு அந்தப் படலையைப் பார்க்கிறேன். நீ சொன்னது சரியா, நான் செய்தது சரியா? நீ இருந்தால் என்னைக் காதைப் பிடித்து முறுக்கியிருப்பாய்.

தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. சனிக்கிழமைகளில் பாலம் தாண்டிப் போய் அள்ளிவந்து இரண்டு கானைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு வருவேன். முதல் கிழமை இரண்டும் அப்படியே வெயிலில் கிடந்தன. இரண்டாம் கிழமை வெறுங்கான்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

போன கிழமை ஆத்துமாக்கள் திருநாள். பின்னேரம் நம் சேமக்காலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே, வெள்ளையடித்த கல்லறைகளும் பூவும் மெழுகுதிரியுமாய். உன்னுடையது இருண்டு கிடந்தது. என் சட்டைப் பையில் மெழுகுதிரி இருந்தது, ஆனால் கொளுத்த எனக்கு உரிமை இல்லை என்று மதிலுக்கு வெளியே நின்றேன். பங்குச் சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு உன் வரிசைக்கு வரும்போது பிலோமினா வந்தாள்.

சனம் விலகி வழி விட்டது. அவள் உன் தலைமாட்டில் முழங்காலில் இருந்தாள். முதல் திரியைக் கொளுத்தி வைத்தாள். இரண்டாவதைக் கொளுத்தி வைத்தாள். மூன்றாவதைக் கையில் எடுத்தவள் கொளுத்தாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், சாமியும் தீர்த்தச் செம்போடு பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் கொளுத்தி உன் பெயருக்கு நேரே வைத்தாள். வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்டிருக்கும்.

திரும்பிப் போகும்போது மதிலடியில் என்னைக் கடந்துதான் போக வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நிற்கவில்லை, என் முகத்தைப் பார்க்கவுமில்லை. நடந்துகொண்டே சொன்னாள்:

"மீசைக்காரன் முட்டையோட உள்ள இருக்கிறான். ரெண்டு கான் காணாது."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, அண்ணை என்ற சொல்லும் இல்லை. நான் அதைக் கேட்கவும் மாட்டேன்.

மச்சான், அன்றைக்குப் படகில் உனக்கு ஒரு வாக்குத் தந்தேன், அவளுக்குச் சொல்லமாட்டேன் என்று. என் வாழ்க்கையில் ஒழுங்காகக் காப்பாற்றின ஒரே வாக்கு அதுதான், அதுவும் கேடுகெட்ட வாக்கு. அதை முறித்துவிட்டேன். அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை மழை நனைத்தாலும் ஆராவது கிழித்தாலும் திருப்பி எழுதி அதே பலகையில் ஒட்டுவேன், நீ சத்தியம் மீறினவன் என்று சொல்ல ஊரில் ஒரு வாய் இல்லாமல் போகும்வரைக்கும். குழாய்க்குள் கை வைக்கமாட்டேன். அவள் படலையைத் திறக்காவிட்டாலும், என் கை கால் விளங்கும்வரைக்கும் சனிக்கிழமை மூன்று கான் நல்ல தண்ணீர் அந்த வாசலில் இருக்கும்.

மூன்றாவது கானை நீ கேட்டதாகவே நினைத்துச் சுமப்பேன்.

கயிற்றைப் பிடிக்கத் தெரியாமல் போன
உன் மச்சான்,
செபஸ்தி